அத்தைக்கு ஒரு ஜாடி தண்ணீர்

வெள்ளரிப்பிஞ்சை வில்லை வில்லையாக நறுக்கிக்கொண்டிருந்தான்.

முதல் வில்லை கட்டைவிரல் தடிமன். பத்தாவதுதான் கொஞ்சம் மெலிந்தது. கத்தியும் அவனுக்குப் புதிது, சமையலறையும் புதிது.

அடுத்து சாத்துக்குடி. இந்தத் தடவை தோலைச் சீவிவிட்டான். நேற்று தோலோடு போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டதில் தண்ணீர் கசந்து, கறிவேப்பிலைச் செடிக்குப் போயிற்று. செடி ஒன்றும் சொல்லவில்லை.

புதினா பத்து இலை. உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டிப் போட வேண்டும், கசக்கக் கூடாது. போனில் ஒரு பெண் அப்படித்தான் செய்து காட்டினாள்.

எல்லாம் கண்ணாடி ஜாடிக்குள் போயிற்று.

கல்யாணச் சீரில் வந்த ஜாடி. இரண்டு லிட்டர் பிடிக்கும். நான்கு வருஷமாகப் பரணில் கிடந்தது. டயாலிசிஸில் இருக்கிறவனுக்கு நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் ஆகாது. அப்படிப்பட்டவன் வீட்டில் தண்ணீர் வெளியே தெரிகிற பாத்திரம் எதற்கு என்று மனைவி ஏற்றி வைத்துவிட்டாள்.

குடத்திலிருந்து மொண்டு ஊற்றினான்.

கை நின்றது.

ஜாடியில் கால் பங்குதான் தண்ணீர். அளந்து பார்க்க வேண்டியதில்லை, அரை லிட்டர். மாத்திரை விழுங்குகிற மடக்கையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துப் பழகிய கை அது.

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகிறது என்று அதற்கு யார் சொல்வது?

தனக்குத்தானே சிரித்துக்கொண்டு மீதியை ஊற்றினான். வெள்ளரி வில்லைகள் மிதந்து மேலே வந்தன.

ஜாடி அவனுக்கு இல்லை. அவன் இப்போது வெறும் தண்ணீரையே பாயசம் போலக் குடிக்கிறான்.

அத்தைக்கு.

மனைவியின் அம்மா. மனைவியின் சிறுநீரகம் பொருந்தவில்லை என்றதும், "என்னோடதைப் பாக்கச் சொல்லு" என்று மகளிடம் சொன்னவள்.

அவனிடம் சொல்லவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவனிடம் நேராக அவள் பேசியதே இல்லை. அவன் முன்னால் உட்கார்ந்ததும் இல்லை. எது சொன்னாலும் மகள் வழியாகத்தான், கதவு நிலைக்குப் பின்னால் நின்றுதான். மாப்பிள்ளை முறுக்கெல்லாம் டயாலிசிஸ் மெஷினில் எப்போதோ கரைந்துபோயிற்று. அத்தைக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று அனுமதி தரும் குழுவில் கேட்டார்களாம்.

"மாப்பிள்ளை தண்ணி குடிக்கணும்" என்றாளாம்.

அதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லையாம். மனைவி சொல்லித்தான் அவனுக்கு அது தெரியும்.

நன்றி என்று ஒரு சொல் இருக்கிறது. மாமியாரிடம் அதைச் சொல்வதற்குத் தனியாக ஒரு நாக்கு வேண்டும். மூன்று மாதமாகத் தேடுகிறான்.

முந்தாநாள் செக்கப். அவனைப் பார்த்ததில் டாக்டருக்குச் சந்தோஷம். அத்தையின் ரிப்போர்ட்டைப் புரட்டியதும் முகம் மாறியது.

"இருக்கறது ஒண்ணு. தண்ணியே குடிக்காம அதையும் காயப்போட்டுறாதீங்கம்மா."

இறங்க மாட்டேன் என்கிறது என்று அத்தை மகளிடம் முணுமுணுத்தாள்.

ஏன் இறங்கவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

அந்த நான்கு வருஷமும் அவள் இந்த வீட்டில்தான் இருந்தாள். எலுமிச்சை வில்லையை நாக்கில் தேய்த்து அவன் தாகத்தை ஏமாற்றிக்கொண்டிருந்த வீடு. அவன் கண்ணில் படும்படி அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. பின்வாசல் கதவுக்கு அந்தப் பக்கம் போவாள். இரண்டு மடக்கு. சத்தம் வராமல் குடிப்பதென்றால் அவ்வளவுதான் முடியும்.

அதுவும் அவனுக்குக் கேட்கும். தாகம் எடுத்தவனுக்குக் காது ரொம்பக் கூர்மை.

அவள் தொண்டை அந்த இரண்டு மடக்கோடு பழகிவிட்டது. கொஞ்சம் வாசனை இருந்தால் மூன்றாவது இறங்காதா என்றுதான் இந்த வெள்ளரிப்பிஞ்சும் புதினாவும்.

மத்தியானம் டம்ளரில் ஊற்றி எடுத்துவந்தான். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை பதறி எழுந்து நின்றாள்.

"மாப்பிள்ளைக்கு எதுக்கு இந்தச் சிரமம்?" என்று முருங்கைக்கீரையிடம் கேட்டாள்.

டம்ளரை வாங்கிக்கொண்டாள். பின்வாசலைப் பார்த்து நடந்தாள்.

அவன் கையைப் போலத்தான் அவள் காலும்.

"அத்தை, இங்கயே குடிங்க. எனக்குச் சத்தம் கேக்கணும்."

நின்றாள்.

பிறகு திரும்பி வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். விழுந்துவிடுவாளோ என்று இருந்தது அவனுக்கு.

முதல் மடக்கு.

இரண்டாவது.

அங்கே நின்றது.

மூன்றாவது.

அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை. மடக் மடக்கென்று வீடு முழுக்கக் கேட்டது. முன்பெல்லாம் இந்தச் சத்தத்துக்குப் பயந்து தலையணையில் காதை அமுக்கிக்கொண்டு படுத்திருக்கிறான். இப்போது அதைக் கேட்கக் கேட்க அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

காலி டம்ளரின் அடியில் ஒரு புதினா இலை ஒட்டியிருந்தது.

அத்தை அதைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். டம்ளரை நீட்டினாள்.

"இன்னும் இருக்கா மாப்பிள்ளை?"

ஜாடியைத் தூக்கிச் சாய்த்தான். டம்ளர் நிறைந்தது. அவள் விரல்களில் வழிந்தது, தரையில் வழிந்தது.

கை நிற்கவில்லை.