தண்ணீருக்கு ஆதாரம்

நோயாளியின் கட்டிலருகே நின்றே பல காலமாகிவிட்ட டாக்டர் மனோரஞ்சிதம்தான் முதுகலை நர்சிங் மாணவிகளுக்கு ஆய்வுக்கட்டுரை எழுதக் கற்றுத்தந்தார். ஜெபசீலியின் கட்டுரையில் ஒரு வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். ‘சாகப்போகிறவர்கள் தண்ணீர் கேட்பார்கள்.’

“இதுக்கு ஆதாரம் எங்கம்மா?”

“ஐ.சி.யூ.வுல நான்தானே மேடம் குடுத்தேன்.”

“நீ குடுத்தா ஆச்சா? பெரியவங்க யாராவது எழுதியிருந்தாதான் அது உண்மை.”

மறுநாள் ஜெபசீலி, கைகழுவுவதைப் பற்றி மேடம் என்றோ எழுதிய கட்டுரையை அந்த வரிக்கு ஆதாரமாகப் போட்டுக் கொண்டுவந்தாள். தன் பெயரைக் கண்டதுமே மேடத்துக்கு முகமெல்லாம் பல். அந்தப் பழைய கட்டுரையின் தலைப்பைக்கூடப் படிக்கவில்லை.

“இப்பதான் இது ஆராய்ச்சி” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“தொண்டையெல்லாம் காயுது. கொஞ்சம் தண்ணி குடும்மா.”

ஜெபசீலி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.