சாட்சிக்கு வைத்த கேன்

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கிடந்த கம்பளியை வரதன் இழுத்ததும், எட்டு தண்ணீர் கேன்கள் வரிசையாக உட்கார்ந்துகொண்டு அவரைப் பார்த்தன.

காலி லாரி என்று சொல்லி எடை மேடையில் ஏற்றிய லாரி அது.

"இன்னாடா ஜெரால்டு, கும்மிடிப்பூண்டிக்கே நீதான் குடிதண்ணி சப்ளையா?"

"தாகம் நைனா" என்றான் ஜெரால்ட்.

காலி வண்டியைக் கேன்களோடு எடை போட வேண்டியது, வழியில் கேன்களை இறக்கிவிட வேண்டியது, பழைய இரும்பை ஏற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டியது. கேன்களின் எடைக்கு இரும்பு இனாம். இந்த வித்தையெல்லாம் வரதனிடம் நடக்காது. இருபத்தாறு வருடமாக அந்த மேடையைக் காக்கிறவர். டிரைவர் பாக்கெட்டில் ஒரு பீடி கூடினாலும் லாரி அந்தப் பக்கம் சாய்ந்து நிற்பதாகச் சொல்வார்.

ஏழு கேன்களைக் கீழே இறக்கவைத்தார். சீல் உடைக்காத எட்டாவது கேனைச் சாட்சிக்கென்று தூக்கிக்கொண்டு தன் அறைக்குள் போனார்.

வாசலில் கிறிஸ்டினா நின்றிருந்தாள். தோள் பையில் எடை மெஷின். உடம்பைக் குறைக்க வழி சொல்லி, மாதம் ஒருமுறை நேரில் வந்து நிறுத்துப் பார்க்கிற ஹெல்த் கோச்.

"ஒரு பத்து நிமிஷம் மேடம். ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுங்க. சக்கர போடாம."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வரதனின் எடை அட்டையைத் திறந்தாள்.

ஆரம்பத்தில் நூற்றுப் பதினான்கு கிலோ. ஐந்தே மாதத்தில் தொண்ணூற்றாறு. வரதன் போண்டாவைக் கைவிட்ட வாரத்தில், இந்தக் கடைக்காரர் எண்ணெய் டின் வாங்குவதைப் பாதியாகக் குறைத்தார். வரதனின் பேன்ட்டைப் பிடித்துத் தைத்த டெய்லர், மிச்சத் துணியில் இன்னொரு ஆளுக்கு பேன்ட் தைத்துக் கொடுத்துவிட்டார்.

அதன்பிறகுதான் தகராறு. மூன்று மாதமாக 95.8, 96.1, 95.9.

அவள் சோற்றைக் கைப்பிடியாக்கினாள். வாழைப்பழத்தை நிறுத்தினாள். நடையை இரட்டிப்பாக்கினாள். எல்லாவற்றுக்கும் வரதன் தலையாட்டினார், செய்தும் காட்டினார். எடை மட்டும் பஞ்சரான லாரி மாதிரி நின்ற இடத்திலேயே நின்றது.

95-க்குக் கீழே போய்விட்டால் அட்டையை மூடிவிடலாம். அப்புறம் மாத வருகை கிடையாது, தினசரி போன் கிடையாது. அந்த இடம் காத்திருக்கிற அடுத்த ஆளுக்குப் போகும். அவள் மூட முடியாமல் வைத்திருக்கிற அட்டை இது ஒன்றுதான்.

இத்தனைக்கும் அவரைப் போல ஒழுங்கான ஆள் கிடையாது. மத்தியானம் ஒன்று பத்துக்கு அவள் கூப்பிட்டால், முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் எடுப்பார். மனைவி விக்டோரியா போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். தானே வடித்த கைப்பிடிச் சோற்றையும் புடலங்காய்க் கூட்டையும் கல்யாண விருந்து போலக் கால் மணி நேரம் விவரிப்பார். தாளித்த கடுகை எண்ணிச் சொல்லாதது ஒன்றுதான் பாக்கி.

அவள் திரும்பி வந்தபோது வரதன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார்.

ஜன்னலில் ஏழெட்டு டிரைவர்களின் தலைகள். பின்னால் பதினோரு லாரிகள் ஹாரன் அடித்தன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரு கப்பலே இவருடைய எடையைத் தெரிந்துகொண்டுதான் கிளம்பும் போலிருந்தது.

"பெல்ட்ட கழட்டு நைனா, கால் கிலோ கொறயும்" என்றான் ஜெரால்ட்.

வரதன் பெல்ட்டைக் கழற்றவில்லை. மெஷினில் ஏறி, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். எண்கள் தவித்தன.

"பயப்படாம நில்லுங்கண்ணா. ஆடாதீங்க."

96.2.

வரதன் நீளமாக மூச்சு விட்டார். ஏமாற்றம் என்றுதான் கிறிஸ்டினா நினைத்தாள்.

"தோ வந்துர்றேன் மேடம்" என்று இறங்கியவர், அறைக்குப் பின்னால் இருந்த கழிவறையைப் பார்த்து ஓடினார். அவர் கிளப்பிய புழுதி ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவில்தான் இறங்கியிருக்கும்.

ஜெரால்ட் ஜன்னலுக்குள் தலையை நீட்டினான்.

"மேடம், என் கேன கொஞ்சம் பாருங்க."

பார்த்தாள். சீல் கிழிந்திருந்தது. கழுத்துவரை நின்ற தண்ணீர் தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது. பக்கத்தில் ஈரச் சொம்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. எப்படியும் இரண்டு லிட்டர் குறைந்திருக்கும். கழித்துப் பார்க்க அவளுக்குக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை.

டீ குடித்துவிட்டு வரச் சொல்வதும் இந்த மூன்று மாதமாகத்தான்.

வரதன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். கேனைப் பார்த்தார். ஜன்னலில் இருந்த ஜெரால்டைப் பார்த்தார். அவள் கையில் திறந்திருந்த அட்டையைப் பார்த்தார்.

"தாகம் மேடம்" என்றார்.

கிறிஸ்டினா அட்டையில் 96.2 என்று எழுதினாள். பேனாவை மூடிப் பையில் வைத்தாள்.

"நாளைக்கு இன்னா சமையல்ணா?"

வரதன் வெண்டைக்காய் வாங்குவதிலிருந்து ஆரம்பித்தார். வெளியே பதினோரு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.