பக்கத்து அறைச் சத்தம்

ஆற்றங்கரை வளைகளுக்கெல்லாம் பெருச்சாளிதான் அதிகாரி. மழைக்கு முன்னால் மேட்டில் புது வளைகளை வெட்டி முடிக்க வேண்டும். அவரோ ஒரு வாரமாக எந்த வேலைக்கும் உத்தரவு தரவில்லை. காரணம், சுவருக்கு அந்தப்பக்கம் அடிக்கடி கேட்ட ஒரு "டம்". மேலிடத்தில் என்னவோ நடக்கப்போகிறது என்று அவர் முடிவுகட்டிவிட்டார். ஒவ்வொரு "டம்"முக்கும், "நிலைமை தெளிவாகும்வரை வேலைகளை நிறுத்தி வைக்கவும்" என்று ஒரு சுற்றறிக்கை எழுதி, மரமுத்திரையை ஓங்கிக் குத்தி அனுப்பினார்.

எட்டாம் நாள் தூறல் விழுந்தது. வளைக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று எலிகள் வந்து கதறின. வேறு வழியில்லாமல் பெருச்சாளி பக்கத்து அறையை எட்டிப் பார்த்தார். குளத்து அதிகாரியான ஆமை, கையில் மரமுத்திரையோடு தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்க ரூம்ல டம் டம்னு கேக்குதே, மேல என்னதான் சார் நடக்குது? பயந்துபோய் நானும் மதகைத் திறக்காம வெச்சிருக்கேன்" என்றார் ஆமை.

அவர் மேசையில் கிடந்த தாளைப் பெருச்சாளி பார்த்தார். அதே சுற்றறிக்கை, அதே வாசகம்.

"அடக் கடவுளே, அந்தச் சத்தம் நாமதானா சார்!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பெருச்சாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வளை வெட்டவும் மதகு திறக்கவும் அப்போதே உத்தரவு பறந்தது. "அஞ்ச வேண்டியது எதுவுமில்லை" என்று கூட்டாக ஒரு சுற்றறிக்கையும் எழுதி, இரண்டு முத்திரைகளையும் சந்தோஷமாக ஓங்கிக் குத்தினார்கள்.

எதிர்ச் சுவருக்கு அப்பால், பாதைகளைக் கவனிக்கும் முள்ளம்பன்றி அதிகாரி பதறிப்போய்த் தன் மரமுத்திரையைத் தேடும் சத்தம் கேட்டது.