லேட்டா வந்த மாணவி

"உள்ள வரலாமா மிஸ்?"

ஆரணி பி.எட். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த லாவண்யா திரும்பினாள். வாசலில் ஸ்வர்ணலதா மூச்சுவாங்க நின்றாள்.

"எல்லாரையும் சமமா நடத்தணும், அதான் நம்ம காலேஜோட கொள்கைன்னு இப்பதான் சொல்லிகினு இருந்தேன். லேட்டா வந்தா யாரா இருந்தாலும் வெளியதான் நிக்கணும்."

"சரிங்க மிஸ்."

வகுப்பு முடியும்வரை லாவண்யாவின் கண் வாசலுக்கே போனது. மணியடித்ததும் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் லேட்டு?"

"நீ மறந்துட்டு வந்த டிபன் பாக்ஸ எடுத்துகினு கிளம்பறதுக்குள்ள முள்ளிப்பட்டு பஸ் போயிடுச்சு."

"அத உள்ளயே சொல்லியிருக்கலாம்லமா?"

ஐம்பது வயதில் மகளிடமே பி.எட். படிக்க வந்திருந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

"சொன்னா உள்ள விட்டிருப்ப. அப்புறம் எம்பொண்ணு நல்ல டீச்சர்னு நான் எப்டி பெருமையடிக்கிறது?"