அப்பாவுக்கு சீரியஸ்

“‘இன்ஃபார்ம்’னா வெறுமனே தெரிவிக்கிறது மட்டும் இல்லடி. உள்ளாற ‘ஃபார்ம்’ இருக்குது பாரு. லத்தீன்ல மொதமொதல்ல உருக்குடுக்கறதுன்னுதான் அர்த்தம். நாம ஒண்ணு சொன்னா, கேக்கறவங்க மனசுல அது ஒரு உருவமா எழும்பி நிக்கணும்.”

அம்சவள்ளி டீச்சர் சொல்லச் சொல்ல, பிளஸ் டூ பெண்கள் எழுதிக்கொண்டார்கள். எண்பத்தேழாம் வருஷம், இட ஒதுக்கீடு கேட்டு மறியல். சாலையெங்கும் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் லீவு என்பதால், கள்ளக்குறிச்சியில் அவள் வீட்டுக் கூடத்திலேயே பாடம் நடந்தது.

அப்போதுதான் அவள் பிறந்த ஊரிலிருந்து பிச்சைமுத்து மாமா சைக்கிளில் வந்து இறங்கினார். உள்ளே வந்து உட்கார்ந்து, செம்புத் தண்ணீரை வாங்கி மடக்மடக்கென்று குடித்தார்.

“அம்சா, அப்பாவுக்கு சீரியஸ். ஒடனே கெளம்பும்மா. என் சைக்கிள்லயே ஏறிக்க.”

அவ்வளவுதான். அம்சவள்ளி கல்லாய்ச் சமைந்தாள். பெண்கள் நோட்டுகளை மூடிக்கொண்டு எழுந்து போனார்கள்.

“நீங்க முன்னாடி போங்க மாமா, நாங்க பின்னாலயே வரோம்” என்று அவரை அனுப்பிவைத்தான் புருஷன் தமிழரசன். பிறகு அவள் தோளைத் தொட்டான். “சாவைச் சாவுன்னு யாரு வந்து சொல்றாங்க? சீரியஸ்னுதான் சொல்லுவாங்க. மனசைத் தேத்திக்க.”

அவளுக்குத் தெரியாதா? அம்மா போனபோதும் இதே பாழாய்ப்போன சீரியஸ்தானே!

“கடைசியா அவருகிட்ட ஒரு வார்த்த பேசலியே...” என்றாள்.

“பொண்ணு வராம எடுக்க மாட்டாங்க. வெறுங்கையோடவா போறது? கோடி எடுத்துக்கினு போலாம்.”

ஊரே கடையடைப்பு. துணிக்கடைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, பின்கதவைத் திறக்கவைத்துக் கோடி வேட்டி வாங்கினார்கள். பூக்காரியின் வீட்டைத் தேடிப்போய், மாலை கட்டி முடிக்கிறவரை காத்திருந்தார்கள். நிற்கச் சொன்ன இடத்தில் நின்றாள் அம்சவள்ளி.

அப்புறம் சைக்கிள். வழியில் கிடந்த ஒவ்வொரு மரத்துக்கும் இறங்கினார்கள். அவன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்ட, அவள் மாலையைத் தூக்கிக்கொண்டு தாண்டினாள். இருபுறமும் கரும்பு, கரும்பு, கரும்பு. அப்பாவின் முகம்கூடச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை அவளுக்கு.

தெருவில் பறைச் சத்தம் இல்லை. பந்தலும் இல்லை. இந்த மறியலில் யார்தான் வரமுடியும் என்று நினைத்துக்கொண்டாள்.

வாசற்படியில் கால் வைத்தபோதுதான் உள்ளேயிருந்து ஒப்பாரி வெடித்துக் கிளம்பியது. தலைவிரிகோலமாக ஓடிவந்த அண்ணி செல்லியம்மாள், அவள் கையிலிருந்ததைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

“அய்யோ, மாலை வாங்கிக்கினா வந்த? செத்துட்டாருன்னு உனக்கு யாரு சொன்னாங்க? ‘அம்சா வந்துச்சா, அம்சா வந்துச்சா’ன்னு வாசலையே பாத்துக்கினு இருந்தாரே...”

அண்ணி அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

“இப்பத்தாம்மா மூச்சு நின்னுச்சு!”