இன்னும் ஃபோகஸ் ஆகலை

"இன்னாபா, ஒரு போட்டோவுக்கு இம்மாம் நேரமா?" எல்லம்மாள் எரிந்து விழுந்தாள்.

"பழைய லென்ஸும்மா. தானா ஃபோகஸ் ஆவாது. கையால திருப்பித்தான் ஆவணும்." போட்டோகிராபர் பட்டாபி கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மாமல்லபுரத்தில், எல்லம்மாளின் மகள் வயிற்றுப் பேரனுக்குக் காதுகுத்து. மண்டபத்து மூலையில், ஜன்னலோரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் மருமகள் கண்ணகி. மடியில் அவளுடைய கைக்குழந்தை.

ராத்திரியெல்லாம் குழந்தை தூங்கவிடவில்லை. விடிந்ததிலிருந்து இலை போடுவதும் தண்ணீர் வைப்பதுமாக ஓட்டம். பிள்ளையோடு ஒரு படம் எடுக்கலாம் என்று பட்டாபி கூப்பிட்ட பிறகுதான் உட்கார்ந்தாள். குழந்தை உடனே தூங்கிவிட்டது.

"அடுத்த பந்தி உக்காந்தாச்சி. ஏய் கண்ணகி, எழுந்து வா!"

கண்ணகி பதறி எழப்போனாள்.

"ஆடாதீங்கம்மா! போச்சு, மறுபடியும் மொதல்லேர்ந்து திருப்பணும்." பட்டாபி சலித்துக்கொண்டார். "முன்னாடி யாரும் வராதீங்க, நெழல் வுழுது. எல்லாம் எனக்குப் பின்னால போங்க."

பின்னால் நின்ற மாப்பிள்ளை ரவிச்சந்திரன் சிரித்தான். "கேமரா புச்சு, லென்ஸு மட்டும் காயலான் கடை. எங்கேர்ந்து புடிச்சீங்க அத்த இந்த ஆள?"

பட்டாபி ஒரு தடவை 'க்ளிக்' செய்தார். கேமராவின் பின்பக்கத்தை எல்லம்மாளிடம் காட்டினார்.

"பாருங்க, ஒரே கருப்பு. இந்த லென்ஸ மாட்டினா கேமரா வெளிச்சத்தையும் அளக்காது. நானா குத்துமதிப்பா வெக்கணும்."

"பேஜாருபா உன்னோட! இது ஆவறதுக்குள்ள பந்தியே முடிஞ்சிடும்." எல்லம்மாள் தண்ணீர் ஜக்கைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். வேடிக்கை பார்த்தவர்களும் கலைந்தார்கள்.

பட்டாபி மறுபடியும் லென்ஸைத் திருப்ப ஆரம்பித்தார். மெதுவாக, ரொம்ப மெதுவாக.

சொருகிய கண்களைக் கஷ்டப்பட்டுத் திறந்து கேமராவைப் பார்த்தாள் கண்ணகி. சொல்வதா வேண்டாமா என்று தயங்கினாள். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

"அண்ணே... லென்ஸு மூடிய இன்னும் கழட்டவே இல்லியே."

"தெரியும்மா," என்றார் பட்டாபி. "நீ தூங்கு."