வாய்க்கால் ரோட்டில் ஒன்பது சைக்கிள்கள்

ஹாரனில் வைத்த கையை நல்லகண்ணு எடுக்கவே இல்லை. முன்னால் போன ஒன்பது சைக்கிள்களில் ஒன்றுகூட ஒதுங்கவில்லை.

காமயகவுண்டன்பட்டி வாய்க்கால் ரோடு ஒரு ஜீப் போகத்தான் அகலம். இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் திராட்சைப் பந்தலின் கல்தூண்கள். மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

பக்கத்து சீட்டில் புதுச் சங்கிலியும் திண்டுக்கல் பூட்டும் கிடந்தன. செத்துப்போன அண்ணனின் சம்சாரம் இருளம்மாளின் தோட்டத்துக் கேட்டில் மாட்டுவதற்காக வாங்கியவை.

பாகம் பிரித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. இருந்தாலும் அண்ணன் போன பிறகு அந்தத் தோட்டத்துப் பழம் நல்லகண்ணுவின் கமிஷன் மண்டிக்குத்தான் வரும். அவர் வைத்ததுதான் விலை. இந்தத் தடவை மதினி அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒயின் கம்பெனியோடு நேராகப் பேசி முடித்துவிட்டாள். இன்றைக்கு அறுப்பு; பழத்தை ஏற்றிப்போகக் கம்பெனி லாரியும் இன்றைக்கே வருகிறது.

"ஒரு ராத்திரி பூட்டிப் போட்டாப் போதும்யா. மழை எறங்கிச்சுன்னா பழம் பூராம் வெடிச்சுரும். எந்தக் கம்பெனிக்காரன் தொடுவான்? வெடிச்ச பழத்தைத் தூக்கிக்கிட்டு மதினி நம்ம மண்டி வாசல்லதான் வந்து நிக்கணும். கேக்க யாரு இருக்கா? ஒத்தப் பொம்பள. மக யுவராணி வேலைன்னு கொச்சியிலயே கெடக்கா!"

காலையில் டீக்கடையில் ஊருக்கே கேட்கும்படி இதைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். இப்போது இந்தச் சைக்கிள் கூட்டம்!

ஜீப்பை நிறுத்திவிட்டு இறங்கினார். "ஏலே! ரோட்டைக் குத்தகைக்கு எடுத்துட்டீகளா? ஓரங்கட்டுங்கய்யா!"

கூட்டத்துக்கு வழிகாட்டியாக வந்த ஜாஸ்பர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தான். "கோவிச்சுக்காதீங்க சார். இது மெதுவாப் போற டூர். வழியில தோட்டக்காரங்களப் பாத்துப் பேசி, திராட்சை எப்பிடி ஒயினாகுதுன்னு தெரிஞ்சுக்க வந்திருக்காக. வேகமாப் போனா குடுத்த காசைத் திருப்பிக் கேப்பாக."

"மெதுவாப் போறதுக்குக் காசா? எங்க ஊரு எருமை ஓசியிலயே போகுமே!"

கொச்சியிலிருந்து வந்திருந்த வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் பணிவாகக் கும்பிட்டார். "சேட்டன் இவிடத்தெ விவசாயியாணோ?"

நல்லகண்ணுவின் கை தன்னால் மீசைக்குப் போனது. "பின்னே? பன்னீர் திராட்சைன்னா இந்தப் பக்கம் என் பேரைத்தான் சொல்லுவாக. கொடியைக் கவாத்து வெட்டுறதுலதான் சூட்சுமமே இருக்கு..."

கவாத்துக் கத்தியை வாழ்நாளில் தொடாதவர், கவாத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். பந்தலுக்கடியில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்த பிறகுதான் பூட்டு ஞாபகம் வந்தது. ஓடிப்போய் ஜீப்பைக் கிளப்பினார்.

எட்டுப் பேர் முன்னால் நகர்ந்துவிட்டார்கள். கடைசியாகப் போன பெண் மட்டும் ரோட்டுக்கு நட்டநடுவில் இருந்தாள். தலையில் ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, மூக்கை மறைத்துக் கட்டிய துணி. பெடலில் அரை மிதி மிதித்தாள், நின்றாள். மறுபடியும் அரை மிதி. சைக்கிள் நடுங்கியதே தவிர அவள் கால் தரையில் படவில்லை.

நல்லகண்ணு பல்லைக் கடித்தார். பொங்கலுக்கு ஊரில் நடக்கும் ஸ்லோ சைக்கிள் ரேஸில் இவளை விட்டால், கால் ஊன்றாமல் கடைசியாக வந்து எவர்சில்வர் குடத்தைத் தட்டிக்கொண்டு போய்விடுவாள்!

பின்னால் போய் மெயின் ரோட்டைப் பிடிக்கலாம் என்றால், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்னால் ஜீப்பை ஒட்டி வந்து நின்றது. ஜீப்பின் பம்பரை அவளுடைய பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இன்ஜினை உறுமவிட்டார்.

"ஏத்திருவேன், பாத்துக்க!"

அவள் திரும்பவில்லை. முன்னால் போனவர்கள் திரும்பினார்கள், செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள். நல்லகண்ணு பிரேக்கை மிதித்துவிட்டு ஸ்டீயரிங்கை ஓங்கிக் குத்தினார். கை வலித்ததில் கோபம் இன்னும் ஏறியது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார்.

"காது அவிஞ்சா போச்சு? எங்க அண்ணன் தோட்டம் அங்கன அழிஞ்சுக்கிட்டிருக்கு, உங்களுக்கு இங்கன ஊர்கோலம் கேக்குதா?"

'அண்ணன் தோட்டம்' என்றபோது அவளுடைய ஹேண்டில்பார் ஒரு தடவை ஆடியது. அப்போதும் கால் ஊன்றவில்லை.

முதல் தூறல் ஜீப் கண்ணாடியில் விழுந்தது. அவளுடைய சட்டைப் பையில் செல்போன் அடித்தது.

அவள் காலை ஊன்றினாள். போனைக் காதில் வைத்து "ம்" என்று மட்டும் சொன்னாள். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் வாய்க்கால் ஓரமாக நிறுத்தி, நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினாள். முகத்துத் துணியை இறக்கினாள்.

"லோடு லாரி ஊரெல்லை தாண்டிருச்சாம். இப்பப் போங்க சித்தப்பா."